அரை வேகத்தில் சுழலும் தண்டு

ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் முடிந்ததும் நான்கு வீச்சு எஞ்சினைப் பற்றிக் கூடுதலாக ஒரு பாடவேளை எடுப்பது என் வழக்கம். நான்கு படங்கள் வரைந்த விளக்க அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். உறிஞ்சும் வீச்சு, அழுத்தும் வீச்சு, ஆற்றல் வீச்சு, வெளியேற்றும் வீச்சு. கடைசியில் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவேன்: வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்ஷாஃப்ட், அது கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழலும். "பாதி வேகத்தில்" என்பதற்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை வைத்துவிடுவேன். பதினாறு ஆண்டுகள் இப்படியே போயின.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் எழுந்து நின்றான். வகுப்பில் அவனாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

"ஏன் டீச்சர் பாதி?"

"அப்படித்தான்பா அமைச்சிருக்காங்க" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். மணியும் அடித்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் தெரிந்தது, எனக்கே விடை தெரியாது என்று. தெரியாது என்றால் முற்றிலும் தெரியாது என்றில்லை. தேர்வுக்குப் படித்த வரி தெரியும். அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை அப்படி எட்டிப் பார்த்த கதை. இதைப் படிக்கும் அறிவியல் ஆசிரியர்கள், குறிப்பாகத் தொழிற்கல்விப் பிரிவு எடுப்பவர்கள், என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

விடை இவ்வளவுதான். பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போவது ஒரு வீச்சு. அதற்குக் கிராங்க்ஷாஃப்ட் அரைச்சுற்று, அதாவது 180 டிகிரி சுழல்கிறது. நான்கு வீச்சுக்கு 720 டிகிரி, இரண்டு முழுச்சுற்று. இந்த இரண்டு சுற்றில் உள்வரும் வால்வு ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். வெளியேற்றும் வால்வும் ஒரே ஒரு முறைதான். கேம்ஷாஃப்ட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு மேடு இருக்கிறது. தண்டு ஒருமுறை சுழன்றால் மேடு ஒருமுறை வந்து தள்ளும். ஆகவே கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது இது ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அதனால்தான் கேம்ஷாஃப்ட்டின் பல்சக்கரத்தில் இரண்டு மடங்கு பற்கள். இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அதை நான் கேட்கப் பதினாறு ஆண்டுகளும் ஒரு மாணவனும் தேவைப்பட்டார்கள்.

அந்த மாணவன் மாலை நேரங்களில் தன் தாய்மாமா நடத்தும் கார் பட்டறையில்தான் இருப்பான். வீட்டுப்பாடம் எழுத மாட்டான். தேர்வுத்தாளில் படம் மட்டும் இருக்கும். "படிப்பு வரலைன்னா இங்க வந்துரப் போறான் டீச்சர், அதுல என்ன" என்று அவன் மாமா ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பட்டறை வேலை மட்டம் என்பதனால் அல்ல. பதினான்கு வயதுப் பையனின் வாழ்க்கையை "வரலைன்னா" என்ற சொல்லில் முடித்துவிடுகிறார்களே என்பதுதான்.

அந்த ஆண்டு பயிற்சி ஒன்றுக்காகச் சென்னை சென்றிருந்தேன். நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் எண்ணெய்க் கறை படிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி என்று கற்றுத் தரும் கையேடு. பேரம் பேசி வாங்கினேன். இரவு விடுதி அறையில் கேம்ஷாஃப்ட் என்ற தலைப்பைத் தேடிப் படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். "முதலில் இதைக் கழற்று, கழற்றியதை இந்த வரிசையில் வை, இந்த நட்டு இறுகியிருக்கும், பதறாதே" என்ற பாணி. அறிந்தவர் அறியாதவரிடம் பேசும் மொழி அது.

இந்த வகைக் கையேடுகளை உருவாக்கியவர் ஜான் ஹேன்ஸ். அவரைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். ஆசிரியர்கள் அறிய வேண்டிய கதை. 1938-ல் அன்றைய சிலோனில் பிறந்தவர்; தந்தை தேயிலைத் தோட்ட மேலாளர். இங்கிலாந்தில் உறைவிடப் பள்ளியில் படித்தபோது, ரக்பி விளையாட்டு நேரத்தில் தன்னை விட்டுவிடும்படி விடுதிப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து இலேசான ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்டினாராம். செய்ததைப் படமும் குறிப்புமாகச் சிறு நூலாக்கி 1956-ல் வெளியிட்டார். 250 படிகள் பத்தே நாளில் விற்றுத் தீர்ந்தன. எனக்கு அந்தப் பெயர் தெரியாத விடுதி ஆசிரியர் மீதுதான் மதிப்பு வருகிறது. "விளையாட்டு வேளையில் விளையாடத்தான் வேண்டும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பின்னர் ஹேன்ஸ் விமானப் படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றினார். அங்கே உடன் பணியாற்றியவரின் ஸ்பிரைட் காரை இருவரும் சேர்ந்து பழுது பார்த்தார்கள். கார் நிறுவனம் வெளியிட்டிருந்த அதிகாரப்பூர்வக் கையேடு, தொழில் தெரிந்த மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது. புதியவருக்கு அதில் வழி தெரியவில்லை. எனவே பிரிக்கும்போதும் பூட்டும்போதும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்படம் எடுத்து வைத்தார். அதுவே 1966-ல் முதல் பழுதுபார்ப்புக் கையேடாக வந்தது. 3000 படிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. பிறகு வந்த கையேடுகளுக்கும் அதே விதி: வண்டியை உண்மையில் பிரித்துப் பூட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அவர் 2019-ல் காலமானார். பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கார்க்கொட்டகையில் கையில் கிரீஸுடன் நின்ற ஒரு தலைமுறைக்கு அந்தக் கையேடுகள்தான் வாத்தியார்.

ஸ்பிரைட் 1958-ல் வந்த சிறிய இரண்டு இருக்கைக் கார். முகப்பு விளக்குகள் இரண்டும் முன்மூடியின் மேல் துருத்திக்கொண்டிருப்பதால் அங்கே அதைத் "தவளைக்கண்" என்று அழைக்கிறார்கள். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர். பி.எம்.சி. நிறுவனத்தின் ஏ வரிசை எஞ்சின். இதற்கு அடுத்த பெரிய குடும்பம் பி வரிசை. பி வரிசையின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் 1955 முதல் ஓடியது. அதே குடும்பத்து 1489 எஞ்சின்தான் 1959 முதல் நம் அம்பாசிடரிலும் ஓடியது. மந்திரி முதல் மாப்பிள்ளை வரை ஏறிய அம்பாசிடரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் அண்ணன் தம்பி என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மாணவனிடம் புத்தகத்தைக் காட்டினேன். படங்களைப் புரட்டியவன் சொன்னான்: "எங்க மாமா கடையில ஒரு அம்பாசிடர் நிக்குது டீச்சர். பெட்ரோல் வண்டி. டிக் டிக்னு சத்தம். கேம் போயிருச்சாம்."

அரையாண்டு விடுமுறையில் அந்த வேலையை நானே கற்றுக்கொண்டு செய்வது, மாணவர்கள் நால்வர் பார்ப்பது என்று முடிவானது. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் வாங்கினேன். பட்டறையில் மாணவர்கள் எதையும் தொடக்கூடாது, குறிப்பெடுப்பதும் அளப்பதும் மட்டுமே என்பது நிபந்தனை. "டீச்சரா கழட்டப் போறீங்க?" என்று மாமா இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. ஸ்பானர் பெட்டியைத் தள்ளி வைத்தார்.

ஸ்பிரைட்டானாலும் அம்பாசிடரானாலும் வேலையின் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். இந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் மேலே இல்லை. சிலிண்டர் பிளாக்கின் உள்ளே பக்கவாட்டில் படுத்திருக்கிறது. அதன் மேடு டேப்பட் என்ற சிறு உருளையைத் தள்ளும். டேப்பட் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். ராக்கரின் மறுமுனை வால்வைக் கீழே அழுத்தும். ராக்கர் என்பது நாம் வகுப்பில் சொல்லும் நெம்புகோல்தான். சீசா பலகையைத் தவிர நெம்புகோலுக்கு வேறு எடுத்துக்காட்டு தேடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேம்ஷாஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் முதலில் விலக்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இதுதான். தண்ணீரையும் ஆயிலையும் இறக்குவது, ரேடியேட்டரைக் கழற்றுவது. எஞ்சினையே வெளியே எடுத்துவிட்டால் புதியவருக்கு வசதி. மாமாவும் அப்படித்தான் செய்து கொடுத்தார். பிறகு மேல்மூடி, ராக்கர் தொகுப்பு, புஷ் ராடுகள். பக்கவாட்டு மூடிகளைத் திறந்தால் டேப்பட்டுகள் தெரியும். கிராங்க்ஷாஃப்ட் கப்பியின் நட்டு பெரிய போராட்டம். அதைக் கழற்றியதும் முன்மூடி வரும். அங்கேதான் அந்த இரண்டு பல்சக்கரங்களும் சங்கிலியும். சின்னது கிராங்க்ஷாஃப்ட்டில், பெரியது கேம்ஷாஃப்ட்டில். மாணவர்களைப் பற்களை எண்ணச் சொன்னேன். ஒன்று மற்றதற்குச் சரியாக இரண்டு மடங்கு. "ஏன் டீச்சர் பாதி" என்று கேட்டவன் இரண்டு முறை எண்ணினான்.

கையேடு அழுத்தமாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. புஷ் ராடுகளையும் கழற்றும் மற்ற பாகங்களையும் வரிசை மாறாமல் வைக்க வேண்டும். அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, ஒவ்வொரு புஷ் ராடையும் அதனதன் ஓட்டையில் குத்தி வைத்தோம். ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள் இடம் மாறினால் தேய்மானம் வேகமாக வரும். ஆனால் புதிய கேம்ஷாஃப்ட் போடும்போது டேப்பட்டுகள் மட்டும் புதியனவாக இருந்தாக வேண்டும். பழைய மேட்டோடு பழகித் தேய்ந்த டேப்பட் புதிய மேட்டைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். புதியவர்கள் காசு மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

சங்கிலியைக் கழற்றும் முன் இரண்டு சக்கரங்களிலும் குத்தியிருக்கும் சிறு புள்ளிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்த வேண்டும். பூட்டும்போதும் அதே நிலை. ஒரு பல் தவறினால் என்ன ஆகும்? மாணவர்களிடம் கணக்காகக் கேட்டேன். கேம்ஷாஃப்ட் சக்கரத்தில் 40 பற்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது 9 டிகிரி. கிராங்க்ஷாஃப்ட் அளவில் அது 18 டிகிரி. அதாவது வால்வு 18 டிகிரி முன்னதாகவோ பின்னதாகவோ திறக்கும். பல் ஒன்றுதானே என்று விட முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டர், அதைச் சுழற்றும் சிறு தண்டு, பெட்ரோல் பம்ப், ஆயில் பம்ப்பை இயக்கும் தண்டு என இன்னும் சில விலகிய பிறகு, முன்னால் உள்ள தட்டின் போல்ட்டுகளை எடுத்துவிட்டுக் கேம்ஷாஃப்ட்டை மெல்ல முன்பக்கம் இழுக்க வேண்டும். மேடுகள் பேரிங்கைக் கீறிவிடக்கூடாது. இழுத்துச் சுழற்றி, இழுத்துச் சுழற்றி எடுத்தேன். கை நடுங்கியது. புத்தகத்தில் "பொறுமையாக" என்று எழுதியிருந்தது எவ்வளவு எளிய சொல், எவ்வளவு கடினமான வேலை!

வெளியே வந்த தண்டை மண்ணெண்ணெயில் கழுவி மேசையில் வைத்தோம். இங்கே மாணவர்களின் நேரம். வெர்னியர் அளவி ஒன்று பள்ளியிலிருந்து கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு அளவு: மேட்டின் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒன்று, அதற்குச் செங்குத்தாக வட்டப் பகுதியின் விட்டம் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டேப்பட் எவ்வளவு உயரும் என்பது கிடைக்கும். ஏழு மேடுகளில் ஆறு மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. ஆறாவது மேட்டில் மட்டும் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த மேட்டின் உச்சி மழுங்கிப்போய்ப் பளபளத்தது. "டிக் டிக்" எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெர்னியர் அளவியைக் கம்பியும் கோலிக்குண்டும் வைத்தே பழக்கியிருக்கிறேன். அளந்த எண் ஒரு நோயைக் காட்டிக்கொடுத்தது அன்றுதான்.

ஒரு பக்கக் குறிப்பு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தேய்மானம் இல்லாமலும் கேம்ஷாஃப்ட்டை மாற்றுவதுண்டு. மேடு அகலமாகவும் உயரமாகவும் இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். அதிவேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு நன்றாக வரும். ஆனால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் குலுங்கும், திணறும். எந்த நேரத்தைக் கணக்கில் பேசுகிறோம் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் கிராங்க்ஷாஃப்ட் நொடிக்கு 50 சுற்று. கேம்ஷாஃப்ட் 25 சுற்று. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. உள்வரும் வால்வு பிஸ்டன் மேலே வருவதற்கு 5 டிகிரி முன்பே திறந்து, கீழ்நிலை கடந்து 45 டிகிரி வரை திறந்திருக்கிறது என்றால் மொத்தம் 5, 180, 45 சேர்ந்து 230 டிகிரி. அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.013 நொடி. நான்கு பேரில் ஒருத்தி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணை இமைத்துப் பார்த்தாள்.

புதிய தண்டின் மேடுகளிலும் டேப்பட்டுகளின் அடியிலும் மாலிப்டினம் கலந்த கறுப்புப் பசையைத் தடவிப் பூட்டினேன். புள்ளிகளை நேராக்கிச் சங்கிலியை மாட்டினேன். புஷ் ராடுகள் அட்டையிலிருந்து தத்தம் இடத்துக்குப் போயின. பிறகு வால்வு இடைவெளி. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் சூடாகி விரியும்போது வால்வு முழுதாக மூடாது. திண்மப் பொருள்களின் வெப்ப விரிவுக்கு இரயில் தண்டவாளத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், இதையும் சொல்லலாம். ஸ்பிரைட்டுக்கு அந்த இடைவெளி 0.012 அங்குலம், ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்துத் திருகை இறுக்க வேண்டும்.

எந்த வால்வை எப்போது சரி செய்வது? அதற்கு ஓர் அழகான விதி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ஒன்பது விதி என்பார்கள். 8-வது வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1-வதைச் சரிசெய். 7 திறந்திருக்கும்போது 2. 6 என்றால் 3. 5 என்றால் 4. பிறகு தலைகீழாக. எப்போதும் இரண்டின் கூட்டுத்தொகை 9. மாமாவுக்கு இந்த விதி மனப்பாடம். ஏன் 9 என்று மாணவர்கள் கேட்டபோது, "அப்படித்தான்பா" என்றார். எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்தது.

விடையைக் கரும்பலகை இல்லாமல் பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் போட்டோம். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-4-2. நான்கு வெடிப்புக்கு 720 டிகிரி என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையே 180. எனவே 1-க்கும் 4-க்கும் இடையே 360 டிகிரி. 3-க்கும் 2-க்கும் இடையேயும் 360. கிராங்க்ஷாஃப்ட்டில் 360 என்றால் கேம்ஷாஃப்ட்டில் 180. அதாவது முதல் சிலிண்டரின் மேடும் நான்காம் சிலிண்டரின் அதே வகை மேடும் தண்டில் நேர் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று வால்வை முழுதும் திறந்திருக்கும்போது மற்றதன் முதுகுப்பக்கம் டேப்பட்டின் மேல் இருக்கிறது. அப்போது அந்த வால்வு முழுதும் மூடியிருக்கும். வால்வுகள் வரிசையாக வெளியேற்றும், உள்வரும், உள்வரும், வெளியேற்றும் என்று தொடங்கி மறுபாதியும் அதே அமைப்பில் இருப்பதால் முதலாவதுக்கு இணை கடைசி, இரண்டாவதுக்கு இணை கடைசிக்கு முந்தையது. கழற்றிய பழைய தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாலேயே தெரிகிறது. மாமா சுவரைச் சற்று நேரம் பார்த்தார். "இருபது வருசமா இதத்தான் பண்றேன்" என்றார்.

இனி என் தவறு. எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றி, வண்டியில் ஏற்றிய பிறகு செல்ஃப் அடித்தோம். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாக "டப்" என்று ஒரு சத்தம். மீண்டும் அடித்தோம். மீண்டும் "டப்". மாணவர்கள் பத்தடி தள்ளி நின்றிருந்தார்கள். மாமாவின் முகம் மாறியது. "ரொம்ப அடிக்காதீங்க டீச்சர். கேம்ல தடவின பசை எல்லாம் வழிஞ்சிரும்." புதிய கேம்ஷாஃப்ட்டின் பெரிய ஆபத்து அதுதான். முதல் முறை எஞ்சின் பிடித்ததும் நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் சுமார் இருபது நிமிடம் விடாமல் ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில்தான் கிராங்க்ஷாஃப்ட் தெறிக்கும் ஆயில் மேடுகளுக்குப் போதுமான அளவு போய்ச் சேரும். மேடும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும். மெதுவாக ஓடவிட்டாலோ வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தாலோ புது மேடு முதல் நாளே போய்விடும். வண்டி என்னுடையதில்லை. புதிய தண்டின் விலையை நான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைவிட, நான்கு மாணவர்களுக்கு முன் டீச்சர் தோற்றுப்போய் நிற்கிறேன் என்ற நினைப்புத்தான் தொண்டையை அடைத்தது.

புத்தகத்தைப் புரட்டினேன். புள்ளிகள் சரி. தீப்பொறி வருகிறது. பெட்ரோல் வருகிறது. என்ன தவறு?

பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர், அந்த டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு போடும்போது பிஸ்டன் மேல இருந்துச்சா?"

"இருந்ததுப்பா. பார்த்துத்தான் போட்டேன்."

"எந்த மேல டீச்சர்? ரெண்டு தடவை மேல வருதுல்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். 720 டிகிரியில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வருகிறது. ஒருமுறை அழுத்தும் வீச்சின் முடிவில். அப்போதுதான் பொறி வேண்டும். இன்னொரு முறை வெளியேற்றும் வீச்சின் முடிவில். நான் இரண்டாவதில் போட்டிருக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ஷாஃப்ட்டோடு பாதி வேகத்தில் சுழல்வதால் 180 டிகிரி தவறிப் போயிருக்கிறது. பொறி வரும்போது உள்வரும் வால்வு திறந்தபடி இருக்கிறது. அதுதான் கார்புரேட்டரில் "டப்". கரும்பலகையில் பதினாறு ஆண்டுகள் கோடு போடச் சொன்ன "பாதி" அங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரிசெய்வது எளிது. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று விரலைத் தள்ளினால் அது அழுத்தும் வீச்சு. தள்ளவில்லையென்றால் இன்னொரு முழுச்சுற்று. அந்த நிலையில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டை எடுத்து மீண்டும் போட்டேன். பசை மிச்சம் இருக்கிறதா என்று மாமா பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தடவினார். அடுத்த செல்ஃபில் எஞ்சின் பிடித்தது. இருபது நிமிடம் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிக் டிக் இல்லை.

இதைப் பள்ளியில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு எஞ்சின் தேவையில்லை. பட்டறைகளில் தேய்ந்த கேம்ஷாஃப்ட்டைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பார்கள். பள்ளிக்கு என்றால் சும்மாவே கொடுப்பவர்களும் உண்டு. மண்ணெண்ணெயில் கழுவி, கூர்முனைகளை அரத்தால் தேய்த்து, இரண்டு மரத்தாங்கிகளில் வைத்தால் போதும். ஒவ்வொரு மேட்டுக்கும் எண் எழுதுங்கள். வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்பது விதியை முதலில் சொல்லாதீர்கள். எதிரெதிர் மேடுகள் எவை என்று அவர்களையே சோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் காகிதக் கோணமானியை ஒட்டினால், எந்த மேடு எத்தனை டிகிரியில் உச்சிக்கு வருகிறது என்று எழுதி, அதிலிருந்தே 1-3-4-2 வரிசையைக் கண்டுபிடிக்கலாம். இதற்கு எங்கள் வகுப்பில் இரண்டு பாடவேளை ஆனது; மூன்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் அறிவியல் அறையில் அந்த அம்பாசிடர் தண்டு இன்னும் இருக்கிறது. ஆறாவது மேட்டில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறோம். விடுமுறை முடிந்து நான் வைத்த வகுப்புத் தேர்வில் "கேம்ஷாஃப்ட் ஏன் பாதி வேகத்தில் சுழல்கிறது" என்ற கேள்விக்கு அந்த மாணவன் நான்கு வரி எழுதியிருந்தான். எழுத்துப்பிழை மூன்று. கீழே படம். படத்தில் டிஸ்ட்ரிபியூட்டரையும் வரைந்து, அருகே "இதுவும் பாதி" என்று எழுதியிருந்தான். கேள்வியில் அது இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அவன் இப்போது மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில்தான் இருக்கிறான்.